பாட்டரியைப் பழிக்குமுன் முனையைப் பார்க்க வேண்டும்

உழவு மும்முரமாய் நடக்கும் காலத்தில் டிராக்டர் கிளம்ப மறுத்து நிற்பதைப் போன்ற இடையூறு குடியானவர்களுக்கு வேறொன்றில்லை. காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது நெடுநாளைய வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்தபின், குறுவைக்குச் சேற்றுழவு செய்யக் கிடைக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் ஒரு காலை வேளையில் சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்னும் ஓசை மட்டும் கேட்டு, இஞ்சின் சுழலாமல் நிற்குமாயின், முறைத்தண்ணீரும், நாற்றின் பருவமும், நடவாட்களுக்குப் பேசிய கூலியும் ஒருங்கே கைநழுவுகின்றன. குறுகிய கால நெல்லின் நாற்று 25 நாட்களைக் கடந்து நாற்றங்காலிலேயே முதிர்ந்தால், நட்டபின் தூர் கட்டுவது குறைந்து விளைச்சலும் குன்றும் என்பதை யாவரும் அறிவர். ஆகவே, ஒரு சிறு திருகாணியின் தளர்வு ஒரு போக வெள்ளாமையையே பாதிக்கக்கூடும் என்று சொல்வது மிகையாகாது.

இத்தகைய சமயங்களில் நடைபெறுவது பெரும்பாலும் ஒரே வகையானது. முதலில் பாட்டரியின் மீது பழி விழுகிறது. புதிய பாட்டரி வாங்கப்படுகிறது. சில தினங்கள் வண்டி ஒழுங்காய் ஓடுகிறது. மீண்டும் ஒரு நாள் அதே ‘டக்’ ஓசை. இப்பொழுது செல்ஃப் மோட்டார் கழற்றப்பட்டுப் பட்டணத்துக்குப் போகிறது. அதற்குப் புதுச் சுருள் கட்டிக் கொண்டுவருகின்றனர். மூன்றாம் முறை ஆல்டர்னேட்டர் மாற்றப்படுகிறது. கடைசியில் யாரோ ஒருவர், பாட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் கேபிளின் அடிப்பக்கத்துப் போல்ட்டை முறுக்கிவிட, அன்று முதல் கோளாறு அடியோடு மறைகிறது. புதுப் பாட்டரி வைத்தவுடன் சில தினங்கள் வண்டி ஓடியது ஏன் என்றால், பாட்டரியை மாற்றுகிறவர் அதன் முனைகளைச் சுரண்டிக் கிளாம்புகளை இறுக்கிப் பூட்டுவதே காரணம். உதவி செய்தது இறுக்கிய கை. பெயரும் பணமும் போய்ச் சேர்ந்தது புதுப் பாட்டரிக்கு.

மாடு நொண்டினால், அதைச் சந்தைக்கு ஓட்டுமுன் குளம்பைத் தூக்கிப் பார்ப்பது நம் குடியானவர்களின் வழக்கம். குளம்பில் முள் இருந்தால் முள்ளை எடுப்பார்களேயன்றி மாட்டை மாற்றமாட்டார்கள். டிராக்டர் விஷயத்திலும் அதே விவேகம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

விளக்கு எரிகிறது, செல்ஃப் சுழலவில்லை: இது எவ்வாறு?

பலரையும் மயக்குவது இந்த ஒரு கேள்வியே. “விளக்கு நன்றாய் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, எனவே இணைப்புகள் யாவும் சரி, செல்ஃப்தான் பழுது” என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு தவறு. அதை விளக்குவதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும்.

மின்சாரம் செல்லும் வழியில் தடை இருந்தால், அத்தடையைக் கடப்பதிலேயே வோல்டில் ஒரு பகுதி செலவாகிவிடும். எவ்வளவு செலவாகும் என்பதைத் தடையையும் ஆம்பியரையும் பெருக்கி அறியலாம். ஜெர்மானியரான கியோர்க் ஓம் என்பவர் 1827-ஆம் வருஷம் வெளியிட்ட விதி இது. பாட்டரி முனையில் அழுக்கும் தளர்வும் சேர்ந்து ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை உண்டாயிருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்விளக்குகள் இரண்டும் 55 வாட்டு வீதம் எரிந்தால் அவை இழுப்பது சுமார் 9 ஆம்பியர். அப்பொழுது முனையில் இழப்பு 0.09 வோல்டு மட்டுமே. விளக்கின் ஒளியில் யாதொரு வேறுபாடும் கண்ணுக்குத் தோன்றாது. டீசல் இஞ்சினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டாரோ 200 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கக் கூடியது. அதே தடையில் இப்பொழுது இழப்பு 2 வோல்டு. சுமையேறிய பாட்டரி தரும் வோல்டில் மேலும் 2 வோல்டு குறைந்தால், மோட்டாருக்கு வலு போதாது. அது சோம்பிச் சுழலும். அல்லது ‘டக்’ என்ற ஓசையுடன் நின்றுவிடும். முனையில் இழந்த ஆற்றல் 400 வாட்டு வெப்பமாக மாறி, கிளாம்பு கைபொறுக்காதபடி சூடேறும்.

ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது. மதகு மட்டும் தூர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். குடம் மொள்ள வருகிறவருக்கு மதகின் கசிவே போதும். பத்து ஏக்கருக்குப் பாய்ச்ச வேண்டியவருக்கு அது போதாது. குடம் நிறைந்ததைக் கண்டு மதகு சரியாயிருக்கிறது என்பாரும் உளரோ? இல்லை. அப்படியே, விளக்கு எரிவதைக் கண்டு முனை சரியாயிருக்கிறது என்று எண்ணலாகாது.

விட்டுவிட்டு வருவதன் காரணம்

ஒரு பாகம் முற்றிலும் கெட்டுவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. காலையில் மறுத்து மாலையில் இணங்கும் கோளாறே மனிதரை அலைக்கழிப்பது. அதற்கு மூல காரணங்கள் மூன்று: அதிர்ச்சி, வெப்பம், ஈரம்.

டிராக்டருக்கு மோட்டார் காரில் உள்ளது போன்ற சொகுசு வில்கள் இல்லை. கரடுமுரடான வரப்பிலும் வண்டிப்பாதையிலும் ஓடும்பொழுது ஒவ்வொரு குலுக்கலும் பாட்டரிக்கும் கேபிளுக்கும் போய்ச் சேர்கிறது. பாட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை தளர்ந்திருந்தால், பாட்டரி குதித்துக் குதித்து முனைகள் தளர்வதோடு உள்ளிருக்கும் தகடுகளின் பசையும் உதிர்கிறது. வெப்பத்தால் உலோகம் விரிந்து, ஆறியபின் சுருங்குவதால், நன்றாய் முறுக்கிய திருகாணியும் நாளடைவில் இளகுகிறது. சேற்றுழவில் கூண்டுச் சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் எங்கும் தெறித்து, இணைப்புகளில் புகுந்து, களிம்பை உண்டாக்குகிறது. பாட்டரியினின்று கசியும் அமில ஆவி முனைகளில் வெண்ணிறமாகவும் நீலம் கலந்த பச்சையாகவும் பூக்கிறது. வெண்மை ஈயத்தின் களிம்பு. நீலப்பச்சை செம்பின் களிம்பு. இரண்டும் மின்சாரத்துக்குத் தடையே.

இவற்றோடு கொட்டகையில் குடியிருக்கும் எலிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் எலி கடித்த வயர் வெளியே தெரிவதில்லை. செம்பு இழைகளில் இரண்டொன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை வண்டி ஆடும்பொழுது சேர்ந்தும் பிரிந்தும், பார்ப்பவரைப் பித்தராக்கிவிடும். கேபிளின் நுனியில் ரப்பர் உறைக்குள்ளேயே பச்சை பூத்திருப்பதும் உண்டு. அத்தகைய கேபிளை மடக்கிப் பார்த்தால் உறைக்குள் நறநறவென்று ஒலிக்கும். அல்லது ஓரிடத்தில் மட்டும் விறைத்திருக்கும்.

எனவே, விட்டுவிட்டு வரும் கோளாற்றில் முதற்கருவி ஸ்பானர் அன்று. ஒரு சிறு நோட்டுப்புத்தகமே. எந்தத் தேதியில், எந்த வேளையில் வண்டி மறுத்தது, இஞ்சின் சூடாயிருந்ததா, ஆறியிருந்ததா, மழைக்குப் பின்னா, சாலையில் டிரெயிலர் இழுத்து வந்த பின்னா, விளக்குகள் அப்பொழுது மங்கினவா, மங்கவில்லையா என்று ஓட்டுநர் நாலு வரி எழுதிவைத்தால், பட்டணத்திலிருந்து வரும் மெக்கானிக்குக்கு அதைக் காட்டிலும் பெரிய உதவி இல்லை. மெக்கானிக் வரும் நாளில் கோளாறு ஒளிந்துகொள்வது வழக்கம். ஆகையால் கோளாற்றை நேரில் கண்ட ஓட்டுநரே அதற்கு முதற்சாட்சி.

சோதிக்க வேண்டிய முறை

சோதனைக்கு வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், இரண்டு ஸ்பானர், கம்பி பிரஷ், உப்புத்தாள், சமையல் சோடா, வாசலின். இவை அனைத்தின் விலையும் சேர்ந்து ஒரு புதுப் பாட்டரி விலையில் சிறு பங்கே ஆகும். சோதிக்குமுன் கியரை நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு அடை வைக்க வேண்டும். கையில் மோதிரமோ காப்போ இருத்தலாகாது. பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே வெடிக்கக்கூடியது. ஆதலால் பீடி, தீக்குச்சி முதலியவை அருகில் வரவே கூடாது.

(1) முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். கிளாம்பைக் கையால் திருகினால் அசையலாகாது. அசைந்தாலோ, களிம்பு பூத்திருந்தாலோ கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றும்பொழுது வண்டியின் உடலோடு சேர்ந்த எர்த் முனையை முதலிலும், பூட்டும்பொழுது அதையே கடைசியிலும் செய்ய வேண்டும். இம்முறையை மாற்றினால் ஸ்பானர் வண்டியின் இரும்பைத் தொட்ட கணமே பெரும் பொறி பறக்கும். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து முனைகளைக் கழுவினால் களிம்பு நுரைத்துக் கழலும். அந்நீர் பாட்டரியின் அறைகளுக்குள் ஒரு சொட்டும் இறங்கலாகாது. மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் அலசி, துடைத்து, உலோகம் பளிச்சிடும் வரை பிரஷால் தேய்த்து, இறுக்கிப் பூட்டியபின் வாசலின் தடவ வேண்டும். தடவிவிட்டுப் பூட்டுவது முறையன்று. எர்த் கேபிளின் மறுநுனி வண்டியின் உடலில் சேருமிடத்தில் பெயிண்டோ துருவோ இருந்தால் அதையும் சுரண்டி எடுக்க வேண்டும். பலரும் மறந்துவிடும் இடம் இதுவே.

(2) இஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பாட்டரியின் வோல்டை அளக்க வேண்டும். 12 வோல்டு பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. முழுச் சார்ஜில் 12.6 வோல்டுக்குக் குறையாமல் இருக்கும். 12.4 ஆனால் ஏறக்குறைய முக்கால் பங்கு, 12.2 ஆனால் பாதி; 12.0 ஆனால் கால் பங்கே மிச்சம். திறக்கக்கூடிய மூடிகள் உள்ள பாட்டரியில் ஹைட்ரோமீட்டரைக் கொண்டு ஒவ்வோர் அறையையும் பார்ப்பது இன்னும் நலம். முழுச் சார்ஜில் தயாரிப்பாளர் விதித்தபடி 1.240 முதல் 1.280 வரை காட்டும். சார்ஜ் ஏற்றிய பின்னும் ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குத் தாழ்ந்திருந்தால் அவ்வறை கெட்டது. அப்பொழுதுதான் புதுப் பாட்டரி வாங்குவது நியாயம்.

(3) இஞ்சின் கிளம்பாதபடி டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்துவைத்துக்கொண்டு, ஒருவர் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்து சாவியைத் திருப்ப, மற்றொருவர் பக்கத்தில் ஒதுங்கி நின்று பாட்டரியின் வோல்டைப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது. சார்ஜ் நிறைந்த நல்ல பாட்டரி அப்பொழுதும் 9.6 வோல்டுக்குக் கீழே இறங்காது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுழற்றலாகாது. இரண்டு நிமிஷம் ஆறவிட்டே மறுபடி சுழற்ற வேண்டும்.

(4) பாட்டரி 9.6-க்கு மேல் நின்றும் செல்ஃப் சோம்பினால், குற்றம் வழியில் இருக்கிறதா, மோட்டாரில் இருக்கிறதா என்று பிரிக்க வேண்டும். மீட்டரின் ஒரு நுனியைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை இஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை உண்டு. அவ்வாறே பாட்டரியின் மற்ற முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய முனைக்கும் இடையே பார்த்தால் 0.5-க்கு மேல் காட்டலாகாது. நுனிகளை ஒவ்வோர் இணைப்பாக நெருக்கி வைத்துக்கொண்டே வந்தால், குற்றவாளி தானே அகப்படுவான். இச்சோதனைக்கு ஐந்து நிமிஷம் போதும். ஒரு பாகத்தையும் கழற்ற வேண்டுவதில்லை. இருபுறமும் இழப்பின்றி வோல்டு முழுமையாய்ச் சேர்ந்தும் மோட்டார் சோம்பினால், அப்பொழுதே அதைக் கழற்றிப் பட்டணத்துக்கு அனுப்பலாம்.

(5) இஞ்சின் ஓடும்பொழுது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்டு வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டையும் அதன் வயர்களையும் முதலில் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டது. பாட்டரியின் நீர் கொதித்து வற்றும். நீர் வற்றினால் வடித்த நீரையே ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் ஊற்றுவதோ ஒருக்காலும் கூடாது.

(6) இரவில் நிறுத்திய வண்டி இரண்டு மூன்று நாளில் உயிரற்றுப் போனால், எங்கோ மின்சாரம் கசிகிறது. அரை ஆம்பியர் கசிவு ஏழு நாட்களில் 84 ஆம்பியர் மணியைக் குடித்துவிடும். டிராக்டர் பாட்டரிகளில் பலவற்றின் முழுக் கொள்ளளவே ஏறக்குறைய அவ்வளவுதான். பின்னால் சேர்த்த பாட்டுப்பெட்டி, அலங்கார விளக்கு முதலியவற்றின் வயர்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பியூஸ் இல்லாமல் பாட்டரியிலிருந்து நேரே எடுத்த வயர், கசிவுக்கு மட்டுமன்றித் தீக்கும் வழியாகும்.

உயிரைக் குடிக்கும் குறுக்கு வழி

இதுவரை சொன்னது பணத்தையும் பருவத்தையும் பற்றியது. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்கலாகாது.

சாவி திருப்பியும் செல்ஃப் சுழலாதபொழுது, பல ஊர்களில் ஓட்டுநர் கீழே இறங்கி, சக்கரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, திருப்புளியையோ இரும்புத் துண்டையோ செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்து இஞ்சினைக் கிளப்புகிறார். இது சாமர்த்தியம் என்று மெச்சப்படுகிறது. உண்மையில் இது யமனோடு விளையாடுவதாகும். கிளட்சை மிதித்தாலோ, கியர் நியூட்ரலில் இருந்தாலோ அன்றிச் செல்ஃபுக்கு மின்சாரம் செல்லாதபடி தடுக்கும் காவல் சுவிட்சு ஒன்று பெரும்பாலான டிராக்டர்களில் உண்டு. திருப்புளி வைக்கும் கை அந்தக் காவலைத் தாண்டிவிடுகிறது. வண்டி கியரில் இருந்தால் இஞ்சின் கிளம்பிய கணமே சக்கரம் உருளும். நிற்பவர் நிற்குமிடமோ பெரிய பின்சக்கரத்துக்கு நேர் முன்னே. விலகுவதற்கு ஒரு விநாடியும் கிடைப்பதில்லை. பல தேசங்களில் டிராக்டர் விபத்துச் சாவுகளைப் பற்றி எழுதுவோர் இப்பழக்கத்தைத் தனியே எடுத்துச் சொல்லி எச்சரிக்கின்றனர்.

இதில் ஓட்டுநரை மட்டும் குறை கூறுவது தர்மமன்று. “வேலை நிற்கலாகாது, எப்படியாவது கிளப்பு” என்று வரப்பில் நின்று அவசரப்படுத்துகிறவர் சொந்தக்காரர். முனையைச் சுத்தம் செய்ய அரை நாள் கேட்டால் அதற்குக் கூலி கொடுக்க மனம் வருவதில்லை. காவல் சுவிட்சு மக்கர் செய்தால் அதை மாற்றாமல், இரண்டு வயர்களையும் முறுக்கிச் சேர்த்து ஒதுக்கிவிடுகின்றனர். சுவிட்சின் விலை அற்பம்; ஒரு குடும்பத்தின் ஆதாரம் அற்பமன்று. ஆதலால் திருப்புளி வைத்துக் கிளப்ப நேர்ந்த வண்டியை, கோளாறு தீரும்வரை வயலில் இறக்கலாகாது என்பதைச் சொந்தக்காரர் ஒரு விரதமாகக் கொள்ள வேண்டும்.

வேறு சில வழக்கங்களும் கைவிடத் தக்கவை. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்ப்பதற்காக இஞ்சின் ஓடும்பொழுதே பாட்டரி கேபிளைக் கழற்றுவது ஒன்று. பழைய டைனமோ நாளில் தோன்றிய இவ்வழக்கம் ஆல்டர்னேட்டருக்கு ஆகாது. வோல்டு திடீரென ஏறி உள்ளிருக்கும் டயோடுகள் வெந்துபோகும். மற்றொன்று, கலப்பையின் கொழு முறிந்தால் அதை டிராக்டரிலிருந்து கழற்றாமலே மின்பற்று வைப்பது. அப்பொழுது பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டே வேலை தொடங்க வேண்டும். வேறொரு வண்டியிலிருந்து மின்சாரம் இரவல் வாங்கும்பொழுது, கடைசி இணைப்பை உயிரற்ற பாட்டரியின் எர்த் முனையில் கொடுக்காமல், அதற்கு எட்ட உள்ள இஞ்சின் இரும்பில் கொடுக்க வேண்டும். அங்கே பொறி பறந்தாலும் ஹைட்ரஜன் இருக்குமிடத்தை அது எட்டாது.

ஆட்சேபங்கள்

“இவையெல்லாம் மெக்கானிக்கின் வேலை, நிலச்சுவான்தாருக்கு ஏன்?” என்று சிலர் கேட்கக்கூடும். மெக்கானிக்கின் தொழிலைக் கற்கும்படி இங்கே எவருக்கும் சொல்லவில்லை. மாட்டு வைத்தியர் இருக்கிறார் என்பதற்காக மாட்டின் மூக்கு உலர்ந்திருப்பதைக் கவனியாத குடியானவர் உண்டோ? முனையை இறுக்குவதும் மீட்டரைப் படிப்பதும் அந்த அளவினவே. மேலும், மீட்டர் காட்டிய எண்ணைச் சொல்லிப் பேசுகிறவரிடம் வேண்டாத பாகத்தை விற்க எவரும் துணியமாட்டார்.

“இக்கோளாறுகளுக்கு அஞ்சியா முன்னோர் டிராக்டர் ஓட்டினர்? தள்ளிவிட்டால் டீசல் இஞ்சின் ஓடிவிடுமே” என்பாரும் உண்டு. பழைய டீசல் இஞ்சின்களுக்கு அது ஓரளவு உண்மைதான். அவற்றின் டீசல் பம்பு முழுதும் இயந்திர வலிவால் இயங்குவது. ஒரு தடவை கிளம்பியபின் பாட்டரி இல்லாமலும் ஓடும். ஆனால் காலம் மாறிவிட்டது. கெட்டரிங் என்ற அமெரிக்கர் கண்ட செல்ஃப், 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் காரில் பொருத்தப்பட்டபொழுது, மின்சாரத்தின் வேலை இஞ்சினைக் கிளப்புவதும், தீப்பொறியும் விளக்கும் தருவதுமாகவே இருந்தது. 2023 ஜனவரி முதல் இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி வந்திருக்கிறது. அதன் பொருட்டு வந்துள்ள இஞ்சின்களில் டீசலை அளந்து விடுவதே மின்னணுக் கருவியின் வேலையாகியுள்ளது. அத்தகைய வண்டியில் ஒரு தளர்ந்த முனை, கிளம்புவதை மட்டுமன்றி, ஓடும் இஞ்சினையும் நடுவயலில் நிறுத்திவிடும். இல்லாத கோளாறுகளை இருப்பதாகப் பலகையில் விளக்கேற்றிக் காட்டும். எனவே இணைப்புகளின் சுத்தம் இனி முன்னைவிட அதிக அவசியமேயன்றிக் குறைவன்று.

“புதுப் பாட்டரி வாங்கினால் தொல்லை விட்டது” என்பது மூன்றாவது ஆட்சேபம். பாட்டரிக்கும் ஆயுள் உண்டு என்பதை மறுப்பாரில்லை. அதிலும் வெயில் நாட்டில் அதன் ஆயுள் குறுகியது. கெட்ட பாட்டரியை மாற்றத்தான் வேண்டும். கெட்டது அது தான் என்று அளந்து அறிந்தபின் மாற்ற வேண்டும் என்பதே இங்கு வாதம். அளவாமல் மாற்றியது சூதாட்டம். அளந்து மாற்றியது செலவு.

கிராம அதிகாரிகளும் சங்கங்களும் செய்யத்தக்கவை

தனி மனிதர் முயற்சியோடு ஊர்ப் பொது முயற்சியும் சேர்ந்தால் பலன் பன்மடங்காகும். கூட்டுறவுச் சங்கமும் உழவர் குழுவும் ஒரு மல்டிமீட்டரையும் ஒரு ஹைட்ரோமீட்டரையும் பொதுவில் வாங்கிவைத்து, வேண்டியவருக்குக் கையெழுத்தின்பேரில் கொடுத்து வாங்கலாம். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குப் பதினைந்து நாள் முன்பே, ஊர்ப் பொதுவிடத்தில் டிராக்டர்களை ஒரு காலை வேளை சேர்த்து நிறுத்தி, மேலே கண்ட ஆறு சோதனைகளையும் ஓட்டுநர்களே செய்யும்படி ஏற்பாடு செய்யலாம். வாடகைக்கு விடும் வண்டிகளில் காவல் சுவிட்சு வேலை செய்கிறதா என்று கண்டபின்பே வண்டியை வெளியே அனுப்பும் விதியை ஏற்படுத்தலாம். சுவிட்சை ஒதுக்கிய வண்டிக்கு வேலை கொடுப்பதில்லை என்று ஊரார் ஒரே மனமாய் நின்றால், எந்தச் சட்டத்தையும்விட அது சீக்கிரம் பலிக்கும்.

பழைய பாட்டரியை என் செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். அதை உடைத்து ஈயம் எடுப்பது மிகவும் கெடுதல். ஈயத்தின் தூசியும் புகையும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். கொட்டிய அமிலம் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும். விற்றவரிடமே திருப்பிக் கொடுத்து, விலையில் அதற்குரிய தொகையைக் கழித்துக்கொள்வதே முறை. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் வருஷத்து இந்திய அரசு விதிகள் தயாரிப்பாளர் மீது சுமத்தியிருக்கின்றன.

முடிவாக, மாதம் ஒரு முறை முனையைத் துடைத்து இறுக்குவதற்குப் பத்து நிமிஷம், பருவத்துக்கு முன் மீட்டர் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம், கோளாறு கண்ட அன்று நோட்டில் எழுதுவதற்கு நாலு வரி: இவ்வளவே வேண்டுவது. ஏர் பூட்டுமுன் நுகத்தடியின் கயிற்றை இழுத்துப் பார்த்த கைகளுக்கு இது புதிய வித்தையன்று. குடியானவர்கள் இப்பழக்கத்தை மேற்கொண்டு, வீண்செலவைத் தவிர்ப்பதோடு, தம் வண்டியை நம்பிப் பிழைக்கும் ஓட்டுநரின் உயிரையும் காப்பார்களாக.